தூர்வாரும் நாளில் வந்த அதிகாரியும் தோன்யா செனோபியாவும்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மேடை என்று நான் சொல்வது பள்ளிக்கூடத்து மேசைகள் இரண்டை. அவற்றில் ஒன்றின் கால் ஆடுகிறது. நமது ஊர்ச் சங்கத் தலைவர் தோன் வெனாசியோ சைரே அவர்கள் அதைத் தம் முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து யாரும் அவரை எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். அவர் அருகே அமர்ந்திருக்கும் பாதிரியார் அவர்களே! மேய்த்துக்கொண்டிருந்த லாமாக்களை மலையில் விட்டுவிட்டு இறங்கி வந்தவர்களே! சுரங்க வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்த எங்கள் பிள்ளைகளே! சொல்லாமலேயே வந்துவிட்ட பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் சிலாக்கே ஊரின் சார்பில், கனத்த நெஞ்சோடு வணக்கம் கூறுகிறேன்.

இந்த இரங்கல் உரையை ஆற்ற ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்? படித்தவன் என்பதாலா? இல்லை. ஒழுக்கமானவன் என்பதாலா? பாதிரியார் சிரிக்கிறார், ஆகவே அதுவும் இல்லை. தூர்வாரும் நாளில் நாணல் குழல் ஊதுகிறவன் நான். இவனிடம் மூச்சு நிறைய இருக்கும் என்று நம்பிவிட்டார்கள். என் குழலோசை கேட்டு ஒரு கழுதை எதிர்ப்பாட்டு பாடியது உண்மைதான். அது என்னைவிட நன்றாகப் பாடியது என்பது மட்டும் தோன் வெனாசியோ கட்டிவிட்ட கதை.

அன்பர்களே! வாசலில் ஒரு மலர்வளையம் சாய்ந்து நிற்கிறதே, பார்த்தீர்களா? பார்க்காமல் எப்படி உள்ளே வந்திருக்க முடியும்? வாசலைவிட அது பெரியது. பக்கவாட்டில் ஒடுங்கித்தான் எல்லோரும் நுழைந்தோம். அனுப்பியது யார்? சுரங்கக் கம்பெனி! "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று பொன்னெழுத்தில் நாடா வேறு. உயிரோடு இருந்தவரை தோன்யா செனோபியாவைப் பார்த்தாலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள், இப்போது ஆழமாக வருந்துகிறார்கள். ஆழமாகத் தோண்டுவது அவர்கள் தொழில் அல்லவா! காலையில் அவளுடைய லாமாக்கள் வந்து அந்த வளையத்தின் இடது பக்கத்தைக் கடித்துப் பார்த்தன. பிளாஸ்டிக் என்று தெரிந்ததும் துப்பிவிட்டன. எஜமானிக்கு ஏற்ற கால்நடைகள்!

யார் இந்தத் தோன்யா செனோபியா பனீரே? நம் வாய்க்கால் தலைவி! தலைமடை முதல் கடைமடை வரை, ஒவ்வொரு கல்லையும் கடிந்து வளர்த்த தலைவி! முறைத் தண்ணீர் யாருக்கு எப்போது என்பதில் பெற்ற பிள்ளை, பிறத்தியார் பிள்ளை என்று பேதம் பார்க்காத தலைவி! கையில் ஒரு சாட்டை, வாயில் இன்னொரு சாட்டை வைத்திருந்த தலைவி! கையில் இருந்தது வலிக்காது என்பதற்கு என் கெண்டைக்கால் சாட்சி. வாயில் இருந்ததைப் பற்றி எதுவும் சொல்ல விரும்பவில்லை.

அவளுடைய கணவர் தோன் ப்ருதென்சியோவை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நல்ல மனிதர். ஒரு முறை, ஒரே ஒரு முறை, பக்கத்துப் பாத்திக்குரிய முறைத் தண்ணீரைத் தன் குதிரைமசால் தீவனப் பயிருக்குத் திருப்பிவிட்டார். பிடித்தது யார்? மனைவி. ஊர்நடுவில் நிறுத்தி விசாரித்தது யார்? மனைவி.

"ஏம்ப்பா, உன் வயல் மட்டும்தான் தாகமா இருக்கா?"

"செனோபியா, அது நம்ம வயல்டீ!"

"இங்க செனோபியா கிடையாது. தலைவின்னு கூப்பிடு. அபராதம் ஒரு லாமா."

"லாமாவும் நம்மதுதானே! உனக்கும்தானே நஷ்டம்!"

"அதான் இவ்வளவு கோவமா இருக்கேன்!"

அந்த லாமாவை ஊரே சோளத்தோடு வேகவைத்துச் சாப்பிட்டது. தோன் ப்ருதென்சியோவும் சாப்பிட்டார், இரண்டாவது தட்டும் கேட்டார். அன்றைக்கு அவர் படுத்தது பட்டியில்தான் என்று சொல்வார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. என் மைத்துனன் பார்த்தான்.

பெருமக்களே! இதெல்லாம் சின்ன விஷயங்கள். பெரிய விஷயத்துக்கு வருகிறேன். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். இந்த நாட்டில் நிலம் ஒருவர் பெயரிலும், அதன்மேல் ஓடும் தண்ணீர் இன்னொருவர் பெயரிலும் இருக்கலாம். நம் புரிலாரி ஓடையை நம் முன்னோர் குடித்தார்கள், பாய்ச்சினார்கள், பாட்டுப் பாடிக் கும்பிட்டார்கள். யார் பெயரிலும் எழுதிவைக்கவில்லை. மூச்சுவிடும் காற்றை யாராவது எழுதிவைப்பார்களா? அந்தச் சமயம் பார்த்து, "அந்த ஓடை எங்களுக்கு வேண்டும்" என்று கம்பெனி மனுப் போட்டது. நாமும் அலறிப்புடைத்துக்கொண்டு மனுப் போட்டோம். தண்ணீர் இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வருவார், ஊர் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவதைக் கண்ணால் கண்டால் ஓடை ஊருக்கு, காணாவிட்டால் கம்பெனிக்கு என்று முடிவாயிற்று.

ஓடை போனால் என்ன ஆகும்? பூண்டு போகும். சோளம் போகும். லாமாக்கள் மேயும் ஈரப்புல்வெளி வெடித்துப் போகும். அப்புறம் நாமும் போவோம், நகரத்துக்கு. அங்கே போய் நான் என்ன வேலை பார்ப்பது? குழல் ஊதினால் போலீஸ் பிடிக்கும்.

ஆகவே ஊர்க்கூட்டம் கூடியது. தோன் வெனாசியோ எழுந்து நெஞ்சை நிமிர்த்திக் கேட்டார்.

"தலைநகர் சாந்தியாகோவிலிருந்து விருந்தாளி வர்றாரு. வீட்டைப் பெருக்காம, விருந்தாளிய உள்ள உட்கார வைப்பீங்களா?"

"மாட்டோம்!"

"அப்போ வாய்க்காலைத் தூர்வாராம அதிகாரிக்குக் காட்டுவீங்களா?"

"மாட்டோம்! மாட்டோம்!"

ஆகஸ்டில் நடக்கும் தூர்வாரும் திருநாளை ஜூனுக்கு, அதிகாரி வரும் நாளுக்கே மாற்றித் தீர்மானம் போட்டோம். எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன், தோன்யா செனோபியாவும் தூக்கினாள். தூர்வார வேண்டுமென்றால் தலைமடையை அடைக்க வேண்டும். தலைமடையை அடைத்தால் வாய்க்கால் வறண்டுபோகும். இது நம் ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரியும். ஊர்க்கூட்டத்துக்குத்தான் தெரியவில்லை! உலகத்தில் எந்த ஊராவது, தண்ணீரைக் காட்ட வேண்டிய நாளில், ஒருமனதாக, கைதட்டிக்கொண்டு, தண்ணீரை நிறுத்தியிருக்கிறதா? நாம் நிறுத்தினோம்!

அந்த நாள் வந்தது. ஜூன் என்றால் நம் மலையில் நடுக்குளிர்காலம், சேறெல்லாம் மேலே கண்ணாடிபோல் உறைந்திருந்தது. ஊரே வாய்க்காலில் இறங்கி வாரியது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு வெள்ளை வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியவர் அதிகாரி, பொறியாளர் உர்ரெஹோலா. ஒல்லியான மனிதர், நம் மலையின் உயரம் பழகாமல் உதடு நீலம் பாரித்திருந்தது. அவருக்குப் பின்னால் கம்பெனியின் ஆள் இறங்கினார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைப் பூட்ஸ். சேறு என்ற ஒன்று உலகில் இருப்பதையே அந்தப் பூட்ஸ் கேள்விப்பட்டதில்லை.

அதிகாரி வாய்க்காலைக் குனிந்து பார்த்தார். ஒரு சருகு இல்லை. ஒரு கூழாங்கல்கூட இடம் தவறி இல்லை.

"எப்படி இருக்குங்க ஐயா?" என்றார் தோன் வெனாசியோ, பெருமை தாங்காமல்.

"ரொம்ப சுத்தமா இருக்கு."

"நன்றிங்க ஐயா."

"தண்ணி எங்க?"

அன்பர்களே! நான் இழவு வீடுகளில் இருந்திருக்கிறேன். தேர்தல் முடிவு சொல்லும் மேடையில் இருந்திருக்கிறேன். அப்படி ஒரு அமைதியை எங்கும் கேட்டதில்லை. நாங்கள் எல்லோரும் வாய்க்காலைப் பார்த்தோம். வாய்க்கால் எங்களைப் பார்த்தது. அப்போதுதான், ஒரே சமயத்தில், ஊரிலுள்ள அத்தனை மண்டைக்கும் விஷயம் எட்டியது.

"தண்ணி..." என்றார் தோன் வெனாசியோ. "தண்ணிக்கு இன்னிக்கு லீவுங்க ஐயா."

கம்பெனி ஆள் வாயெல்லாம் பல்லாக, "வறண்ட வாய்க்கால்னு எழுதிக்கோங்க சார்" என்றார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் முகமே வாடிவிட்டது. அதற்குள் சாட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு தோன்யா செனோபியா வந்து சேர்ந்தாள். அவர் அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, நான் பார்க்கிறதைத்தான் எழுத முடியும்."

"நான் வேற என்ன கேட்டேன்? பாரு. ஆனா கரையில நின்னு பார்க்கக் கூடாது. தூர்வார்ற அன்னிக்குக் கரையில கைய வீசிட்டு நிக்கிறவனுக்கு, கெண்டைக்கால்ல ஒண்ணு விழும். அது இந்த ஊர் முறை. வேணும்னா பாதிரியாரைக் கேட்டுக்கோ."

பாதிரியார் தம் அங்கியை லேசாகத் தூக்கிக் காலைத் தடவிக்கொண்டார். சாட்சியம் அதற்குமேல் தேவைப்படவில்லை.

அதிகாரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதை நிறுத்தினார். அவர் கையில் ஒரு மண்வெட்டி வந்துவிட்டது. எப்படி வந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

"நான் கம்பெனி ஆளுங்க" என்றார் வெள்ளைப் பூட்ஸ்.

"பூட்ஸே சொல்லுதே. மண்வெட்டி பிடிக்கிறியா, வண்டியில போய் உட்கார்றியா?"

அவர் தம் பூட்ஸைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். வண்டிக்குப் போய்க் கண்ணாடியை ஏற்றி, உள்ளே சூட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்பர்களே, அந்த வண்டிக் கதவு சாத்திய ஓசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி தன் கையாலேயே ஓடையைச் சாத்திக்கொண்ட ஓசை அது.

ஆனால் அப்போது நமக்கு அது தெரியுமா? தெரியாது! அதிகாரியின் வண்டி இருட்டுவதற்குள் மலை இறங்கியாக வேண்டும். மேல்பகுதியில் பாதி வாய்க்கால் இன்னும் வாரப்படவில்லை. தோன் வெனாசியோவுக்குப் பொறுக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் மலையேறினார், தலைமடையைத் தானே திறந்துவிட. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தால், அடைத்த மடைக்கல்லின் மேல் தோன்யா செனோபியா உட்கார்ந்து வறுத்த சோளம் கொறித்துக்கொண்டிருக்கிறாள்!

"வா வெனாசியோ. சோளம் சாப்பிடு."

"அக்கா, காலைப் பிடிக்கிறேன், திறந்துவிடுங்க! அந்த ஆளு போயிட்டா ஓடையும் போச்சு!"

"கீழ ஊரே குனிஞ்சு நிக்குது. எல்லாரையும் கழுவிவிடப் போறியா?"

"வெளிய வரச் சொல்லிடலாம்!"

"பாதி வாரின வாய்க்கால். இன்னும் பாடல. இன்னும் கூப்பிடல. கூப்பிடாத வீட்டுக்கு நீ போவியா?"

"சாப்பாடு இருந்தா போவேன்."

"தண்ணி உன்னை மாதிரி இல்லடா."

இதுவரை தோன் வெனாசியோ எல்லோரிடமும் சொன்னது. அதற்குமேல் நடந்ததை அவர் எனக்கு மட்டும், மூன்றாவது கோப்பைக்குப் பிறகு சொன்னார். ஆகவே இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். முறைக்காதீர்கள் தோன் வெனாசியோ, மேசை ஆடுகிறது. அவள் கையிலிருந்த சோளத்தைக் கீழே வைத்துவிட்டாளாம். "எனக்கும் பயமாத்தான் இருக்கு, வெனாசியோ" என்றாளாம். "ஆனா ஒரு ஆளுக்குக் காட்டறதுக்காக அவசர அவசரமா திறந்துவிட்டா, நாளைக்கு அது யாரு தண்ணி? அவருக்குக் காட்டின தண்ணி. நம்ம தண்ணியா அது வரட்டும். வந்தப்புறம் போகுதான்னு பார்த்துக்கலாம்."

தோன் வெனாசியோ மடையைத் திறக்காமலே இறங்கி வந்தார். கெண்டைக்காலில் ஒன்று வாங்கிக்கொண்டுதான் வந்தார். வேலை நேரத்தில் மண்வெட்டி இல்லாமல் சுற்றியதற்கு.

மலைநிழல் வயலைத் தொடும் நேரத்தில் கடைசிச் சேறும் வாரப்பட்டது. பூமிக்குத் திராட்சை மது ஊற்றினோம், கோக்கா இலை வைத்தோம். பிறகு பழைய மொழிப் பாட்டைப் பாடினோம். அதில் "புரி" என்றால் தண்ணீர் என்பது மட்டும்தான் இன்று நம்மில் யாருக்கும் தெரியும். மீதிக்கு அர்த்தம் தெரியாது. பரவாயில்லை, கேட்க வேண்டியது நாம் இல்லையே! நான் குழல் ஊதினேன். அதைப் பற்றி நீங்களும் பேச வேண்டாம், நானும் பேசவில்லை. அவள் மடைக்கல்லைப் புரட்டினாள்.

தண்ணீர் வந்தது! எப்படி வந்தது? பழுப்பு நிறத்தில், நுரையும் சருகும் வைக்கோலும் யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பும் சுமந்துகொண்டு, பட்டி திறந்த லாமாக் கூட்டம் போல முண்டியடித்து வந்தது! ஊரே கரையோரம் கூவிக்கொண்டு ஓடியது. கிழவர்கள் ஓடினார்கள், கைக்குழந்தைக்காரிகள் ஓடினார்கள், பாதிரியார் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாட்டு முடிந்தால் வாய்க்காலை விட்டு ஏற வேண்டும் என்று அதிகாரிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை!

"யோவ்! வெளிய வாய்யா!"

அவர் அப்படியே நின்று, வாய் பிளந்து, வருகிற தண்ணீரைப் பார்த்தார். அது அவர் முழங்காலைத் தட்டிவிட்டது. தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். தோன்யா செனோபியா மூச்சிரைக்க வந்து அவர் தலைக்கு மேலே நின்றாள்.

"பார்த்தியா?"

"பார்த்தேன் அம்மா."

"எழுதுவியா?"

"எழுதுவேன். பேனா நனைஞ்சிருச்சு."

அதோடு அவர் விடவில்லை. இருட்டுவதையும் காத்திருந்த வண்டியையும் மறந்து, நனைந்த துணியோடு தண்ணீரின் பின்னாலேயே கடைமடை வரை நடந்தார். ஒவ்வொரு பாத்திக்காரரும் தன் முறைக்கு மடை திறப்பதைப் பார்த்தார், முறை முடிந்ததும் அடைப்பதைப் பார்த்தார். அளந்தார், கேட்டார், எழுதினார். வேறொரு நாள் வந்திருந்தால் என்ன பார்த்திருப்பார்? ஒரு வாய்க்கால், அதில் கொஞ்சம் தண்ணீர், அதைக் குடிக்கும் ஒரு கழுதை. அன்று அவர் பார்த்தது ஊரை!

பிறகு நகரத்தில் விசாரணை நடந்தது. வாய்க்கால் வறண்டிருந்தது என்று கம்பெனி ஆள் அடித்துச் சொன்னார். விசாரித்தவர் அவரைக் கேட்டார்.

"தண்ணீர் வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"வண்டிக்குள்."

"ஏன்?"

"மண்வெட்டி பிடிக்கச் சொன்னார்கள்."

புரிலாரி ஓடை சிலாக்கே ஊரின் பெயருக்கு வந்தது! எந்தத் தனி மனிதர் பெயரிலும் இல்லை, ஊரின் பெயரில்! பொறியாளர் உர்ரெஹோலா அவர்கள் இதோ ஜன்னலோரம் அமர்ந்திருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் விடுப்பெடுத்துக்கொண்டு தூர்வார வருகிறார். சொந்த மண்வெட்டி வைத்திருக்கிறார். அதை இன்னும் தலைகீழாகத்தான் பிடிக்கிறார் என்பாள் தோன்யா செனோபியா. ஆனால் வீட்டில் யாருக்கும் கொடுக்காத பாலாடைக்கட்டியை அவருக்குக் கொடுத்தாள்.

போன மாதம் நகரத்து ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். நான் கண்ணீரோடு கையைப் பிடித்தால், அவள் என்னைத் தாண்டி மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்க்கிறாள்.

"சொட்டுது பாரு, அர்செனியோ. ராத்திரி பூரா சொட்டுது. ஒரு பூண்டுப் பாத்தி பாய்ஞ்சிருக்கும். போய் அடைச்சிட்டு வா, அப்புறம் அழு."

நான் போய் அடைத்தேன். திரும்பி வந்து அழ நினைத்தேன். "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்றாள்.

அந்தத் தலைவி இன்று இல்லை. கொஞ்சம் பொறுங்கள்.

சரி.

பெருமக்களே! அந்த மலர்வளையத்தோடு இன்னொன்றும் வந்திருக்கிறது. அவளைப் புதைத்த மண் ஈரம் காயுமுன் கம்பெனி புதிதாக ஒரு மனுப் போட்டிருக்கிறது. என்ன சொல்கிறார்கள்? "சிலாக்கேயில் இளைஞர்கள் இல்லை. வாய்க்கால் தலைவியும் இறந்துவிட்டார். இனி அந்த வாய்க்காலைத் தூர்வார யாரும் இல்லை. பயன்படாமல் போகப்போகும் ஓடையை மறுபடியும் பங்கிட வேண்டும்." இதுதான் அவர்களுடைய ஆழ்ந்த வருத்தம்! அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. இளைஞர்கள் கீழே இருக்கிறார்கள். பலர் அந்தச் சுரங்கத்திலேயே இருக்கிறார்கள். நாமோ, மேசைக் காலுக்கு முட்டுக்கொடுக்கும் நிலையில் இருக்கிறோம்.

இன்று தூர்வாரும் நாள். துக்கத்துக்காகத் தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். ஒரு முறை தேதியை மாற்றிப் பார்த்தோம். போதும்! ஆனால் தலைவி இல்லாமல் தூர்வார முடியாது. பதவியில் இருக்கும்போதே அவள் போய்விட்டாள், சாட்டையை யார் கையிலும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நேற்று ஊர்க்கூட்டத்தில் "யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று தோன் வெனாசியோ கேட்டபோது எல்லோரும் தத்தம் செருப்பைப் பார்த்தோம். நான் பக்கத்தில் இருந்தவர் செருப்பையும் பார்த்தேன்.

அவளுடைய மகள் ஹசிந்தாவை யாரும் கேட்கவில்லை. ஏன்? அவள் கம்பெனியின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து வரும் சம்பளத்தை நம்பித்தான் அவள் பிள்ளைகள் படிக்கின்றன. அவளிடம் எந்த வாயோடு கேட்பது? கேட்காமலே இருந்தோம். இன்று காலை அவளே என்னிடம் சொன்னாள். விடுப்பு கேட்டபோது மேற்பார்வையாளர் எத்தனை நாள் என்று கேட்டாராம்.

"நீ என்னம்மா சொன்னே?"

"தண்ணி வர்ற வரைக்கும்னு சொன்னேன், மாமா."

"ஒத்துக்கிட்டாங்களா?"

"நான் கேள்வியா கேட்கல."

தோன்யா செனோபியா பனீரே அவர்களே! உங்கள் நினைவின் முன்னால், உங்களுக்காகக் கூடியிருக்கும் இந்த அவையின் முன்னால், நாங்கள் உறுதி கூறுகிறோம்! புரிலாரி ஓடை ஓடும் வரை அது இந்த ஊரின் ஓடையாக ஓடும்! தலைமடையில் உள்ளவன் கடைமடைக்காரனின் தாகத்தை மறக்க மாட்டான்! எங்கள் பிள்ளைகள் சுரங்கத்துக்குப் போனாலும், ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் சேற்றுக்குத் திரும்பி வருவார்கள்! வராதவர்களின் பெயரை நான் குழல் ஊதி ஊர் முழுக்க அறிவிப்பேன், அந்தத் தண்டனையை யாரும் விரும்ப மாட்டார்கள்! மனுவைப் பரிசீலிக்க எந்த அதிகாரி எந்த நாளில் வந்தாலும், அவர் கையில் ஒரு...

என்னம்மா ஹசிந்தா?

"பேசினது போதும் மாமா. வெயில் ஏறுது. மடை அடைச்சாச்சு, எல்லாரும் இங்க உட்கார்ந்திருந்தா யாரு வார்றது?"

இன்னும் ஒரு பக்கம் இருக்கிறதம்மா. உருக்கமான பக்கம். பாதிரியார்கூட...

அவையோரே, அவள் அம்மாவின் சாட்டையை இடுப்பில் செருகியிருக்கிறாள். வாசலில் நிற்கும் அந்த வளையத்தை நகர்த்தி வழிவிட்டுவிட்டு, அதைக் கொண்டுவந்த கம்பெனி டிரைவரின் கையில் மண்வெட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் வாங்கிக்கொண்டார்.

இதோ வந்துவிட்டேன், தலைவி.